பவுடர் அக்கா சலித்த சாம்பல்

சாலைப் பணிமனையில் அவளை எல்லோரும் பவுடர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே ஒரு கணம் சும்மா இருந்துவிடுவாள். காகித ஆலையின் கொதிகலனில் எரிந்து மிஞ்சிய சாம்பல் அங்கே லாரியில் வந்து இறங்கும். தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, மூக்கையும் வாயையும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, அதைச் சல்லடையில் சலித்து, கட்டி நீக்கி, ஈரம் படாமல் மூடி போட்ட டின்களில் அடைப்பது அவள் வேலை. சாயங்காலம் துணியை அவிழ்க்கும்போது நெற்றியும் இமையும் காதோரமும் வெள்ளைவெளேரென்று இருக்கும்.

“என்ன பவுடர் அக்கா, கல்யாணத்துக்குக் கிளம்பிட்டியா?”

“ஆமாண்டா, உன்னோட ரெண்டாவது கல்யாணத்துக்கு. மொதல் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டியா?”

கொட்டகையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரிக்கத் தெரிந்த பெண்தான். ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருக்கும்போதே காது மட்டும் முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடும். அங்கே தார் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் அவள் புருஷன் நின்றுகொண்டிருப்பார். அவர் இருமுகிறாரா, இருமல் நின்றுவிட்டதா, நின்றது நல்லதற்கா கெட்டதற்கா என்று அந்தக் காது கேட்டுக்கொண்டே இருக்கும்.

அவருக்கும் பட்டப்பெயர் உண்டு. விசில். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வரும். பெயர் வைத்தவன் விளையாட்டாகத்தான் வைத்தான். அவரும் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார். அவளுக்கு மட்டும் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சில் ஊசி ஏறும்.

“இந்தப் புகையை விடணும். மருந்தெல்லாம் அதுக்கப்புறம்தான்” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“எனக்கு வேற வேலை தெரியாதே டாக்டர்.”

“உங்க நுரையீரலுக்கும் வேற புகை தெரியாதுங்க. அதைக் கேட்டா அதுவும் இதையேதான் சொல்லும்.”

விடுவது எப்படி? மதிலை ஒட்டிய அந்த இரண்டு அறை வீடு பணிமனை கொடுத்தது. வேலை போனால் வீடும் போகும். ஜன்னலைத் திறந்தால் பாய்லர் புகை உள்ளே வரும். மூடினால் அவருடைய மூச்சுச் சத்தம் அறை முழுவதும் நிறையும். திறப்பதா மூடுவதா என்று ஜன்னல் கொக்கியைப் பிடித்தபடி அவள் நின்ற நேரங்களைச் சேர்த்தாலே ஒரு வாழ்க்கை ஆகிவிடும்.

வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. அவளுடைய தம்பி. தாய் இல்லாமல் போனபின் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. கல்யாணமாகி வரும்போது, “இவனும் என்கூட வருவான், சம்மதமா?” என்று கேட்டுத்தான் கழுத்தை நீட்டினாள். அவர் சம்மதித்ததோடு நிற்கவில்லை. பையனைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தார். வளர்ந்ததும் அதே பணிமனையில் தற்காலிக வேலையில் சேர்த்துவிட்டார். இப்போது அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. பெண்ணின் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “வேலை எப்ப நிரந்தரமாகும்?”

“இந்த வருஷக் கடைசியில ஆயிடும்” என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். தாமதமாக வந்ததற்காக அவன்மேல் ஏற்கனவே ஓர் எச்சரிக்கை இருப்பதைச் சொல்லவில்லை. இன்னொரு தப்பு நடந்தால் அவனை அனுப்பிவிடுவார்கள் என்பதையும் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் ஆய்வுக்கூடத்திலிருந்து மேடம் வந்தார். சின்ன உருவம், பெரிய குரல். அடுப்பே மூட்டாமல் சாலை போடலாம் என்றார்.

“அடுப்பில்லாம தாரா? அடுப்பில்லாம சாப்பாடே ஆகாதே!” என்று சூப்பர்வைசர் சிரித்தார். பாய்லர் வேலையிலேயே தலை நரைத்தவர் அவர்.

மேடம் கோபப்படவில்லை. எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். தாரைக் காய்ச்சாமல், தண்ணீரோடு சேர்த்துப் பால் மாதிரி ஆக்கி எடுத்துவரலாம். அதற்கு எமல்ஷன் என்று பெயர். பழுப்பாக இருக்கும். ஜல்லியோடு கலந்ததும் தண்ணீர் பிரிந்து தார் கல்லில் ஒட்டிக் கறுப்பாகும். புகை இல்லை, சூடு இல்லை. குறை ஒன்று உண்டு. பிரிந்த தண்ணீரில் பாதி கலவைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியேற வழியில்லாமல் கிடக்கும். அதனால் சாலை வாரக்கணக்கில் இறுகாது; ஒரு மழை வந்தால் பெயர்ந்துவிடும்.

“அதுக்குத்தான் இந்தச் சாம்பல். அது அந்தத் தண்ணியைக் குடிச்சிட்டு சிமெண்ட் மாதிரி இறுகிடும். கூடவே இரும்பு உலையில கழிவா வர்ற கசடை நொறுக்கி, மணலுக்குப் பதிலாப் போடறோம். ரெண்டுமே தூக்கிப் போடற சரக்கு” என்றார் மேடம்.

பவுடர் அக்கா வாய்விட்டுக் கேட்டாள்: “அப்ப பாய்லர் வேண்டாமா மேடம்?”

“சோதனை ரோடு நல்லா வந்துட்டா, இங்க இருக்கறவங்களையே ஒவ்வொருத்தரா இந்தக் குழுவுக்கு மாத்திடுவோம்.”

அன்றிலிருந்து அவள் சாம்பலைச் சலித்தது வேலையாக இல்லை. புருஷனின் மூச்சைச் சலித்துச் சலித்துத் தனியே எடுத்து வைப்பது போலச் சலித்தாள். டின் மூடியை இரண்டு முறை அமுக்கிப் பார்ப்பாள். வானம் இருட்டினால் ஓடிப்போய்த் தார்ப்பாய் இழுத்து மூடுவாள்.

சோதனைக் குழுவில் அவரும் இருந்தார், தம்பியும் இருந்தான். சந்தைக்குப் பின்னால் இருந்த சரிவான தெருவைத் தேர்ந்தெடுத்தார்கள். முந்தின நாளே மேடம் கண்டிப்பாகச் சொன்னார்: “ஒரே ஒரு விஷயம். டீசல் கிட்டவே வரக்கூடாது. அது தாரைக் கரைச்சிடும். மண்வெட்டி ஒட்டினா சோப்புத் தண்ணியில முக்குங்க.”

சூடான தார் வேலை செய்தவர்களுக்கு டீசல் துணி இன்னொரு கை மாதிரி. கலவை போடும் டிரம்மைத் துடைக்க, மண்வெட்டியைத் துடைக்க, ஏன், ராத்திரி வீட்டுக்குப் போகுமுன் விரலைத் துடைக்கவும் அதுதான். மேடம் சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள்.

சோதனை நடந்த அன்று மாலை அவள் புருஷன் வீடு திரும்பியபோது நடையில் ஒரு மிடுக்கு இருந்தது. “ஒரு தடவைகூட இருமலை, தெரியுமா? கலவை பழுப்பா வந்து, பார்த்துக்கிட்டு இருக்கும்போதே கறுப்பா மாறுது. வேடிக்கை பார்க்கவே கூட்டம்” என்றார். அவள் அவருடைய சட்டையை வாங்கி, துவைக்கும் கல்லருகே போய், யாரும் பார்க்காதபோது முகத்தில் வைத்து முகர்ந்தாள். வியர்வை வாசனை. வெறும் வியர்வை! கல்யாணமானதிலிருந்து டீசலும் தாரும் இல்லாத அவருடைய வாசனையை அவள் அறிந்ததே இல்லை. கண்ணில் நீர் முட்டியது.

அடுத்து தம்பியின் சட்டையை எடுத்தாள். டீசல் வாசனை மூக்கில் அடித்தது.

“டேய், இங்க வா. இது என்னடா?”

“என்னக்கா? ஓ, அதுவா? காலையில மாமா வர்றதுக்கு முன்னாடியே நான் போயிட்டேன்ல. டிரம், மண்வெட்டி, ரோட்டை இடிச்சு இறுக்குற திமிசுக்கட்டை எல்லாத்தையும் டீசல் போட்டு நல்லாத் துடைச்சு வெச்சேன்.”

“மேடம் கூடாதுன்னாங்களேடா!”

“கலக்கக் கூடாதுன்னாங்க. துடைக்கக் கூடாதுன்னு எங்க சொன்னாங்க? டிரம்முல ஒட்டினதை மாமாதான் குனிஞ்சு சுரண்டுவார். சுரண்டினா அவருக்கு மூச்சு வாங்கும். அதான்...” அவன் சிரித்தான். இடுப்பில் உட்கார்ந்திருந்த நாளில் சிரித்த அதே சிரிப்பு.

“யார்கிட்டயும் சொல்லாத” என்று மட்டும் சொன்னாள். அந்தச் சட்டையை மறுபடி மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

சில நாளிலேயே தெரு அவளைக் காட்டிக்கொடுத்தது. சரிவின் மேல்பாதி இறுகத் தொடங்கிவிட்டது. கீழே, முதன்முதலாகக் கொட்டிய இடத்தில், கலவை களியாகவே கிடந்தது. தடுப்பை எடுத்ததும் முதல் தள்ளுவண்டி சக்கரம் புதைந்து நின்றது. வண்டிக்காரர் இறங்கி, பாதத்தைத் தூக்கிப் பார்த்து, “இது ரோடா, அல்வாவா?” என்று கேட்டார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

“அடுப்புச் சாம்பலைக் கொட்டி ரோடு போட்டா இப்படித்தான் ஆகும். பாய்லர் பாய்லர்தான்.”

மேடம் குனிந்து இரண்டு இடத்திலிருந்தும் ஒரு கட்டி பெயர்த்தெடுத்தார். “அதே சாம்பல்தான் மேலயும் போட்டிருக்கோம். அங்க இறுகியிருக்கே! முதல் டிரம்முல மட்டும் வேற ஏதோ சேர்ந்திருக்கு” என்றார். கையிலிருந்ததை முகர்ந்தார். முகம் மாறியது. “நாளைக்கு மேலிடத்துக்குப் பதில் சொல்லணும். என்ன நடந்ததுன்னு யாராவது சொன்னா, இன்னொரு தடவை போட அனுமதி கேட்பேன். சொல்லலைன்னா பழி சாம்பல் மேலதான். இந்தத் திட்டத்தை மூடிடுவாங்க.”

அன்று மாலை அந்த இரண்டு அறை வீட்டில் மூன்று பேரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அவள் மனம் எரிந்தது. வாய் திறந்தால் தம்பியின் வேலை போகும், கல்யாணம் நிற்கும். தன் கையால் சோறூட்டிய பிள்ளையைத் தானே தெருவில் நிறுத்துவதா? திறக்காவிட்டால் புருஷன் பாய்லருக்கே திரும்பிப்போக வேண்டும். டாக்டர் சொன்னதன் அர்த்தம் புரியாதவளா அவள்? கடவுளே, ஒரு பெண்ணுக்கு இரண்டு உயிரைக் கொடுத்து, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை அவள் கீழே போடுவாள்?

“என்னம்மா, சாப்பாடு ஆறுது” என்றார் அவர்.

“நீங்க சாப்பிடுங்க.”

“மேடம் நல்லவங்க. ஏதாவது வழி செய்வாங்க.” சொல்லிவிட்டு தம்பியைப் பார்த்தார். “மாப்ள, இன்னும் கொஞ்சம் போட்டுக்க. கல்யாணப் பையன் இளைச்சுப் போகக்கூடாது.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். விழுங்க முடியாமல் ஒரு கவளத்தை வாய்க்குள்ளேயே வைத்திருந்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருக்கும் தெரியும்! டிரம்மில் ஊற்றிய தண்ணீர்மேல் வானவில் மாதிரி எண்ணெய் மினுங்கியதை அந்தப் பழகிய கண்கள் பார்த்திருக்காதா? பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார். அவளிடம்கூடச் சொல்லவில்லை. அவளும் அவரிடம் சொல்லவில்லை. ஒரே கூரையின் கீழ் மூன்று பேரும் ஒரே ரகசியத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு சோறு பிசைந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அறைக்குக் குழுவைக் கூப்பிட்டார்கள். சாம்பல் சலித்தவள் என்பதால் அவளும் போனாள். மேடம் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

“கடைசியாக் கேட்கிறேன். டீசல் யார் போட்டது?”

அவள் புருஷன் ஓரடி முன்னால் வந்தார். “நான்தான் மேடம். பழக்கதோஷம். கை தானாப் போயிடுச்சு.”

சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்தார். “விசில், நீயா? சரி, அப்ப நீ பாய்லருக்கே போ. இந்தப் புது வேலையெல்லாம் உனக்கு வேண்டாம்.”

பாய்லர் என்ற சொல் அவள் காதில் விழுந்ததும் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. “அவர் இல்லைங்க ஐயா! நான்தான்!” என்று கத்தினாள். “காலையில நான்தான் துடைச்சேன்.”

“இந்தாம்மா, நீ சும்மா இரு” என்றார் அவர் பதறி.

“நீங்க சும்மா இருங்க. எப்பப் பார்த்தாலும் ஊர்ப் பழியெல்லாம் உங்க தலையிலதானா?”

“ரெண்டு பேரும் இல்லை சார்.” பின்னாலிருந்து தம்பியின் குரல் உடைந்து வந்தது. “நான்தான் சார். அக்காவும் மாமாவும் எனக்காகப் பொய் சொல்றாங்க.”

“பொய் சொல்றது நீதாண்டா!” அக்காவும் மாமாவும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

சூப்பர்வைசர் மேஜையைத் தட்டினார். “இதென்ன ஏலமா? ஆளாளுக்குக் கேட்கிறீங்க! நாலாவதா யாராவது இருக்கீங்களா? தெருநாயையும் கூப்பிடட்டுமா?”

மேடம் மெதுவாகக் கேட்டார்: “எதையெல்லாம் துடைச்சீங்க?”

“டிரம்மை” என்றார் அவர்.

“மண்வெட்டியை” என்றாள் அவள்.

தம்பி அழுதுகொண்டே சொன்னான்: “டிரம், மண்வெட்டி, திமிசுக்கட்டை, எல்லாத்தையும்.”

மேடத்தின் கண்கள் அவன்மேல் நின்றன. அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அந்தக் கண்கள் மெதுவாக அக்காவிடம் போயின. அக்கா இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கும்பிடவில்லை, ஆனால் அது கும்பிடுதான்.

“யாருன்னு எனக்குச் சரியாத் தெரியலை சார்” என்றார் மேடம். “ஆனா டீசல்தான் காரணம். சாம்பல்ல தப்பு இல்லை. அதை எழுதிடறேன்.”

“யாருன்னு தெரியாம ஒருத்தனை வேலையை விட்டு அனுப்ப முடியாது” என்றார் சூப்பர்வைசர். “அதனால ஒண்ணு செய்யறேன். இந்தக் குடும்பத்துல ஒரு ஆள்கூட இனிமே கலவைப் பக்கம் வரக்கூடாது. மூணு பேருமே பாய்லருக்குப் போங்க. அங்க எவ்வளவு வேணும்னாலும் டீசல் போட்டுத் துடைங்க, போங்க.”

வெளியே வந்ததும் மேடம் அவளுடைய தோளைத் தொட்டார். “சாம்பலைக் காப்பாத்த முடிஞ்சுதும்மா. உங்களை முடியலை.”

வீட்டுக்குப் போகும் வழியில் மூன்று பேரும் சண்டை போட்டார்கள். இத்தனை நாள் பேசாததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

“யாரு உங்களை முன்னாடி போகச் சொன்னது? நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா...”

“இருந்திருந்தா? மாப்ளைய மாட்டிவிட்டிருப்பியா?”

மாட்டிவிட்டிருப்பாளா? அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கவே கூடாது. கேட்ட பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

“நான் போய் மறுபடியும் சொல்றேன் மாமா. சத்தியம் பண்றேன். நம்புவாங்க” என்றான் தம்பி.

“நம்பினா என்ன ஆகும்? தப்புக்கு நீ வெளிய போவ. பொய்க்கு நாங்களும் வெளிய போவோம். வீடும் போகும். உங்கக்கா சல்லடையைத் தலையில வெச்சுக்கிட்டு எங்க போய் நிப்பா?” அவர் நின்று மூச்சு வாங்கினார். நெஞ்சுக்குள் அந்தச் சத்தம். “விடு மாப்ள. அவ்வளவுதான்.”

இரண்டாவது முறை அதே தெருவில் வேறு பணிமனையின் ஆட்கள் வந்து போட்டார்கள். சாம்பல் அவள் சலித்ததுதான். மூடி திறக்காத டின்கள் மீதி இருந்தன. இந்த முறை மறுநாளே தடுப்பை எடுத்தார்கள். தள்ளுவண்டி போனது, லாரி போனது, ஒரு மழையும் பெய்து போனது. சந்தைக்குப் போகிற சாக்கில் அவள் அங்கே நின்று குதிகாலால் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். பின்னால் வந்த ஒருத்தி, “ஓரமாப் போங்கக்கா, வண்டி வருது” என்றாள். ஓரமாகப் போனாள்.

அவள் இடத்தில் சல்லடை பிடிக்க வேறொருத்தி வந்துவிட்டாள். பவுடர் என்ற பெயரையும் சேர்த்தே அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவள் பாய்லர் முற்றத்துக்கு வந்தாள். முதல் நாள் காலையிலேயே முகம் கறுத்தது. அவளைக் கூப்பிடுவதற்கு யாருக்கும் ஒரு பெயர் கிடைக்கவில்லை.

தார் பாய்லரைச் சுற்றி எந்த நேரமும் ஒரு பக்கம் மட்டும் புகை இல்லாமல் இருக்கும். ஓர் ஆள் நிற்கிற அளவுக்குத்தான் இடம். தம்பி காற்றைப் பார்த்துவிட்டு அவருடைய தோளைப் பிடித்து அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். பாய்லரின் வாயைத் திறந்து தாரைக் கிளற வேண்டிய கம்பை அவரிடமிருந்து அவள் பிடுங்கிக்கொண்டாள்.

“குடு இப்படி. எனக்குத் தெரியாத வேலையா?” என்று அவர் கை நீட்டினார்.

“நீங்க அங்கயே நில்லுங்க, சொல்லிட்டேன்.”

கொஞ்ச நேரம் நின்றார். காற்று திரும்பியது. புகை மொத்தமாக வளைந்து அவர்மேலேயே விழுந்தது. இருமல் கிளம்பியது. தம்பி ஓடிவந்து அவரை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போனான். அவள் கம்போடு இடம் மாறினாள். சிறிது நேரத்தில் காற்று மறுபடி திரும்பியது.

“இதைச் சுத்திச் சுத்தி எங்கம்மா போறது?” என்றார் அவர், இருமலுக்கு நடுவே சிரிக்கப் பார்த்து.

“பேசாதீங்க. மூச்சு வாங்குது” என்றாள் அவள். “நடங்க.”

மூவரும் பாய்லரைச் சுற்றி நடந்தார்கள்.